ரம்பத்தின் மறுமுனை

"இந்த வருஷம் வேற யாரையாவது ஜோடி சேர்த்துக்க" என்று டெல்ஃபின்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆர்வில் மறுப்பான் என்று காத்திருந்தாள். நீ இல்லாமல் எனக்கு என்ன போட்டி வேண்டிக்கிடக்கு என்பான், தான் கொஞ்சம் வற்புறுத்துவாள், அவன் மறுபடியும் மறுப்பான். அவள் மனக்கணக்கு அப்படித்தான் இருந்தது.

ஆர்வில் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "அப்படியா? சரி, பாக்குறேன்" என்றான்.

நவம்பரில் வாசல்படியில் உறைந்திருந்த பனி வழுக்கி விழுந்ததில் அவள் வலது தோள்மூட்டு விலகியிருந்தது. கெட்டில் தூக்கினாலே சுண்டி இழுக்கும். மார்ச் மாதக் கடைசியில் வடகனடாவின் யெல்லோநைஃப் நகரத்து ஏரியின் பனிப்பரப்பில் நடக்கும் வசந்த விழாவில் ரம்பம் இழுப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டையை அறுக்கும் அந்தப் போட்டியில் அவர்களை வெல்ல ஊரில் ஆளில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவனும் அவளும் அந்த ரம்பத்தில்தான் ஜோடி சேர்ந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆர்வில் ஒருத்தியைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்து வந்தான். பெயர் ரொவீனா. அவன் வேலை பார்க்கும் தங்கச் சுரங்கத்தின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வயது முப்பது இருக்கும். எங்கோ கிழக்கிலிருந்து தனியாக வந்தவள் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. உயரமாக, கால்களை அகட்டி வைத்து நிற்பாள். சிரித்தால் தலை பின்னால் சாயும்.

டெல்ஃபின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கண்ணாடி இரட்டைக் கண்ணாடி. பேச்சு கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. ஆர்வில் என்ன சொல்லியிருப்பான்? அவன் ஒன்றும் அவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறவன் இல்லையே. ரம்பத்தின் இந்த முனையை அவன் பிடிக்க, டெல்ஃபினின் கைபட்டுப் பட்டு வழவழப்பான மறுமுனைப் பிடியில் அந்தப் பெண்ணின் சிவப்புக் கையுறை இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

விழாவில் எண்ணெயில் பொரித்த பானக் ரொட்டி விற்கிறவள் டெல்ஃபினின் சித்தி மகள் பெர்னிஸ். மாவு மூட்டை வாங்கப் போன கடையில் டெல்ஃபினைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷன் இளசா ஒரு ஜோடி பிடிச்சிருக்கானாமே?"

"ரம்பத்துக்குத்தான்டி ஜோடி."

"நானும் ரம்பத்தைத்தான்டி சொன்னேன். நீ எதை நினைச்ச?"

டெல்ஃபின் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே நடந்து வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் ஆர்வில் ரம்பத்துக்கு எண்ணெய் தடவக் கொட்டகைக்குள் போனான். ரொவீனா கன்னம் சிவக்கச் சமையலறைக்குள் வந்து டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஜெயிச்சிருக்கீங்க. எனக்கு ஏதாவது சொல்லிக் குடுங்களேன்."

டெல்ஃபின் அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ, தயாராக நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"அவன் இழுக்கும்போது நீ கையைத் தளர்த்துற இல்ல? அங்கதான் நேரம் போகுது. அவன் இழுக்குறப்ப நீ உன் பலத்தையெல்லாம் வச்சுத் தள்ளு."

ரம்பம் தொட்ட எவரும் இதைச் சொல்ல மாட்டார்கள். இந்த வகை ரம்பத்தை இழுக்கத்தான் வேண்டும், தள்ளவே கூடாது. தள்ளினால் நீளத் தகடு வில்லாக வளைந்து கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும்.

ரொவீனா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தள்ளணுமா? ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெயில் கண்ணைக் கூச வைத்தது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஊர் மொத்தமும் ஏரிமேல் நின்றது. ஒரு பக்கம் பனியில் தீ மூட்டி யார் முதலில் டீ கொதிக்க வைப்பது என்று போட்டி. இன்னொரு பக்கம் மறுநாள் பந்தயத்துக்கு வந்த சறுக்குவண்டி நாய்கள் ஓடத் துடித்து ஊளையிட்டன. வருஷத்திலேயே டெல்ஃபினுக்குப் பிடித்த நாள் இது. இன்று அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை. பெர்னிஸ் சுடச்சுடக் கையில் திணித்த ரொட்டி அப்படியே ஆறிப்போனது.

லாரித் தட்டின்மேல் கட்டையை ஏற்றினார்கள். ஆர்வில் மேலங்கியைக் கழற்றி எறிந்தான். ரொவீனா எதிரே போய்க் கால்களை அகட்டி நின்றாள். ரம்பம் சிக்கட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. ஐயோ, ஊர் முன்னால் அவன் அவமானப்படுவானே என்று இன்னொரு மனம் பதறியது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ரம்பம் சிக்கவில்லை. சீராக, மூச்சு விடுவது போலப் போய்வந்தது. இவள் இழுக்க அவன் விட்டுக்கொடுத்தான், அவன் இழுக்க இவள் விட்டுக்கொடுத்தாள். மரத்தூள் பனியில் மஞ்சளாகக் கொட்டியது. அறுபட்ட வட்டம் தட்டென்று விழுந்ததும் ஆர்வில் நிமிர்ந்து எதிரே இருந்தவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். டெல்ஃபினோடு அறுத்த எந்த வருஷத்தையும் விட வேகம் என்று ஒலிபெருக்கிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

"புதுப் பொண்ணு! யாரும்மா உனக்கு இந்த வித்தையைக் கத்துக் குடுத்தது?"

ரொவீனா மைக்கை வாங்கிக் கூட்டத்தில் தேடினாள். "அதோ, டெல்ஃபின்! எல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்."

ஊரே திரும்பிக் கையுறைக் கைகளால் தட்டியது. ஆர்வில் குதித்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!" அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

டீக் கூடாரத்துக்குப் பின்னால் ரொவீனாவைத் தனியாகப் பிடித்தாள்.

"நான் சொன்னபடி நீ தள்ளவே இல்லையே."

"எங்கப்பாவுக்கு மரம் வெட்டுற தொழில். ஒன்பது வயசுல ரம்பத்தைக் கையில குடுத்துட்டார். தள்ளுன்னு நீங்க சொன்னதும் புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு என் பேரைச் சொன்ன?"

"பழி வாங்கத்தான்" என்றாள் ரொவீனா, கோபத்தை மறைக்காமல். "ஊரே கைதட்டணும், நீங்க அங்க நின்னு அதை வாங்கிக்கணும். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோணலை."

டெல்ஃபினுக்கு எதிர்பாராமல் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் வலித்தது. வலியில் கண்ணில் நீர் முட்டியது.

"நல்லா வாங்கிட்ட, தாயி."

"உங்க புருஷன் எனக்கு வேண்டாம். எனக்கு ஒருத்தன் இருந்தான், அவன்கிட்டேர்ந்து தப்பிச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இவர் பயிற்சி பூரா உங்க பெருமைதான். டெல்ஃபின் இப்படி நிப்பா, டெல்ஃபின் இப்படி மூச்சு விடுவா... காது புளிச்சுப்போச்சு."

அதைக் கேட்டு டெல்ஃபினுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். பாதிதான் குளிர்ந்தது. பெருமையெல்லாம் தன்னுடையது, வேகம் அவளுடையது அல்லவா?

வீடு திரும்பும்போது ஆர்விலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் நடுத்தெருவில் நின்றான்.

"தள்ளுன்னு சொன்னியா? தகடு தெறிச்சிருந்தா அவ கை என்ன ஆகியிருக்கும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

அவன் விடுவிடுவென்று முன்னால் போய்விட்டான். அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூட அவளிடம் கேட்காமல் எழுந்து போய் எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாய்வண்டிப் பந்தயம். டெல்ஃபின் காலையில் எழுந்து ஒரு தட்டு பானக் ரொட்டி பொரித்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆர்விலுக்குப் பின்னால் பேசாமல் நடந்தாள். ஏரிக்கரையில் முந்தின நாளே விட்டுவந்த அவர்களுடைய லாரியின் பின்தட்டில் ரொவீனா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆர்விலே வரச் சொல்லியிருந்தானாம். அவன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாய்களைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

டெல்ஃபின் ரொட்டியை ரொவீனாவின் மடியில் வைத்தாள்.

"சொன்ன நேரத்துல உன் கையைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. தப்புதான்."

"சூடா இருக்கா?" என்று ரொவீனா துணியைப் பிரித்தாள்.

"சூடாத்தான் இருக்கு. கொஞ்சம் நகரு."

"அந்தப் பக்கம் நிறைய இடம் இருக்கே" என்றான் ஆர்வில், நேற்றிலிருந்து அவளிடம் பேசிய முதல் வார்த்தையாக.

"இருக்கட்டும்" என்று இருவருக்கும் நடுவில் இடித்துப் புகுந்து உட்கார்ந்தாள் டெல்ஃபின்.