மேல்வரிசைப் பல்

மூன்று பாட்டுகளாகச் சூசைதாசன் ஊதவில்லை. விரல்கள் துளைகளின் மேல் ஓடின, கன்னம் உப்பி உப்பி இறங்கியது, கிளாரினெட்டுக்குள் மட்டும் காற்றுப் போகவில்லை. ஹவுன்ஸ்லோவில் அந்தப் பப்பில், ஞாயிறு மத்தியானம் பியரும் உருளைக்கிழங்குமாக இருந்த நாற்பது பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. ட்ரம்பெட் ஊதும் றொனிக்கு எழுபத்தெட்டு வயது, ஒரு காது கேளாது. அவருக்கும் தெரியவில்லை.

ஆறு கிழமைக்கு முன் சூசைதாசனின் மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பிடுங்கியாயிற்று. பொய்ப்பல் கட்டியபின் இதுதான் முதல் ஞாயிறு. கிளாரினெட்டின் வாய்முனையை மேற்பல்லால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் பொய்ப்பல்லின் தகடு ஆடுகிறது. முதல் பாட்டிலேயே காகம் கத்தியது போல ஒரு சத்தம் வர, வாயைத் தளர்த்திவிட்டார்.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவது அவருக்குச் சோறு. இந்த ஊதல் இருபத்தேழு வருஷம். மாதா கோயில் பாண்டில் பழகிய கிளாரினெட்டோடு இந்தப் பப்பைக் கூட்டித் துடைக்க வந்தவர், ஆளில்லாத நேரம் ஊதிப் பார்க்க, றொனி படியில் நின்று கேட்டார். அடுத்த ஞாயிறே மேடையில் ஏற்றிவிட்டார். பழைய ஜாஸ். சுரம் எழுதிய காகிதம் கிடையாது, ட்ரம்பெட் சொல்வதைச் சுற்றிச் சுற்றிக் கிளாரினெட் கதைக்க வேண்டும். அதன்பின் சூசைதாசன் ஞாயிறு ஷிப்டுகளை எல்லாம் மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுப் பூசையும் போனது. சனி பின்னேரப் பூசையோடு கடமையை முடிக்கிற மனுசன் என்ற கோபத்தில், மனைவி பெர்னடெற் ஒருநாளும் கணவர் ஊதுவதைப் பார்க்க வந்ததில்லை.

இன்று வந்திருந்தாள். பல்லில்லாத மனுசன் எதைத் தின்னும் என்று, பூசை முடிந்த கையோடு, சேலைக்கு மேல் கோட்டும் ஒரு போத்தல் கஞ்சியுமாக. பக்கத்து மேசையில் கீத், ஓய்வுபெற்ற வாத்தியார், மடியில் கிளாரினெட் பெட்டி. ஆறு ஞாயிறும் சூசைதாசனின் இடத்தில் ஊதியவர். சூசைதாசனின் இன்றைய தனி ஊதலைக் கேட்டுவிட்டு யாரை வைத்திருப்பதென்று முடிவெடுப்பதாக றொனி முதலே சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இடைவேளையில் பெர்னடெற் கஞ்சியை நகர்த்தி வைத்தாள்.

"நீங்கள் ஊதேல்லை."

"ஆர் சொன்னது?"

"எனக்குப் பாட்டு விளங்காது. வீட்டில ஊதேக்கை உங்கட கழுத்து நரம்பு எழும்பும். இண்டைக்கு எழும்பேல்லை."

அவர் கஞ்சியைக் கிண்டினார்.

"செபமாலைக்கும் நீங்கள் இப்பிடித்தான். வாய் மட்டும் ஆடும். சரி, அங்கை விடுவம். இஞ்சையுமோ?"

கோபம் வருமென்று பார்த்தார். வரவில்லை. வெட்கமும் வரவில்லை. ஷிப்ட் முடியும்போது கைகள் தன்னுடையவை இல்லாதது மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது.

இடைவேளை முடிந்து இரண்டாவது பாட்டில், றொனி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். சூசைதாசன் எழுந்தார். மேடை விளிம்புக்கு வந்து, பொய்ப்பல்லைக் கழற்றிப் மேடையோர மேசையில் பெர்னடெற்றின் முன்னால் கிடந்த கடதாசித் துவாயில் வைத்தார். யாரோ சிரித்தார்கள். மேலுதட்டை வெறும் ஈறின் மேல் மடித்து, வாய்முனையைக் கவ்வி, ஊதினார். மேலே போகவில்லை. கீழ்ச் சுரங்களிலேயே நின்றார். பாதி காற்று, பாதி சத்தம். வருவது பாட்டுத்தானா என்று அவருக்கே தெரியவில்லை. உதடு மரத்துவிட்டது.

முடிந்ததும் கைதட்டினார்கள். தனி ஊதல் யாருடையதானாலும் தட்டுவார்கள். அதில் ஒன்றும் விளங்காது. கீத்தும் தட்டினார். பெர்னடெற் பல்லைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

றொனி ட்ரம்பெட்டின் எச்சிலைத் தரையில் உதறினார். கீத்தையும் பார்க்கவில்லை, சூசைதாசனையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பாட்டுக்குக் காலால் எண்ணத் தொடங்கினார். கிளாரினெட்டின் வாய்முனையில் மெல்லிய இரத்தக் கோடு. சூசைதாசன் அதைப் பெருவிரலால் துடைத்தார். ஒன்று, இரண்டு என்று றொனியின் சப்பாத்து மேடைப் பலகையில் விழுந்தது.