அழகமுத்துவின் இரண்டாவது டிஸ்க்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குக் கொடகவெலயிலிருந்து இரத்தினபுரி போகும் பஸ்ஸில் கிடைத்தது. 2006, சித்திரை மாதம். பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு கொம்பியூட்டர் பெட்டியை, காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல் மடியில் அணைத்திருந்தார். "செத்துப்போச்சுங்க" என்றார். அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவேலை. பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை?

2

ஆரம்பம், முதல் முயற்சி: ஆயிரம் யானைகள் ஒன்றாகப் பிளிறியதுபோல் இடி விழுந்து, எட்டு மலைகளுக்கு அப்பால்…

(வேண்டாம். யானை அதிகம்.)

இரண்டாம் முயற்சி: அழகமுத்து, தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். காணி உறுதிப் பத்திரம் முதல் கரண்ட் பில் வரை எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிக் கொம்பியூட்டரில் ஏற்றினார். மனைவி சீதாதேவியின் அக்கா, தோட்டத்து ஆட்களைத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியா போய், கூடலூரிலிருந்து எழுதிய நீலக் கடிதங்களையும் ஏற்றினார். அக்கா இப்போது இல்லை. கடிதங்களில் கறையான். ஏற்றி முடித்ததும் அடுப்பில் போட்டார்.

"ஐயையோ, என்னங்க இது!"

"அட, உள்ள பத்திரமா இருக்கு சீதா. தெனம் நாலு மணிக்குத் தானாவே ரெண்டாவது டிஸ்க்குல நகல் எழுதிக்கும். நான் செத்தாலும் எழுதும்!"

ஏன் நாலு மணி? ஃபெக்டரியில் அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம். பழக்கம் விடவில்லை. இந்தப் பெருமையைக் கடைக்கார மக்கீனிடம் நூறு தடவை சொன்னார். (இருநூறு என்றிருந்தது, மனச்சாட்சிக்குப் பயந்து குறைத்தேன்.)

3

இந்தப் பக்கம் இடி பின்னேரத்தில்தான் வரும். சீதாதேவி மூன்றரைக்கே டீவி, ஃபிரிட்ஜ், கொம்பியூட்டர் எல்லா வயரையும் பிடுங்கிவிடுவார். பொழுதுபட்ட பிறகுதான் மாட்டுவார். வயர் பிடுங்கும் நேரம் அழகமுத்து பகல் தூக்கத்தில், குறட்டையோடு.

[உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு இன்னும் இல்லை. பொறுங்கள்.]

ஒருநாள் சீதாதேவி, கணவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, இரத்தினபுரி கண் கிளினிக்குக்குப் போனார். கணவர் தூங்கினார். இடி மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டது.

4

ரிப்பேர் கடைக் கிருஷாந்த் பெட்டியைத் திறந்தான். முதல் டிஸ்க் கரி.

"ரெண்டாவது நல்லா இருக்கு அங்கிள்."

"அப்பாடா! அதுலதான்டா எல்லாம் இருக்கு."

"மொகுத் நே, அங்கிள். ஒண்ணுமே இல்ல. நாலு மணிக்கு மெஷின் ஓடுனாத்தானே எழுதும்? ஒருநாளாவது தொறந்து பாத்தீங்களா?"

வெட்கத்தில் அவர் மெழுகாய் உருகி, பெஞ்சிலிருந்து வழிந்து, தெருவரைக்கும்…

இல்லை. இந்த இடத்தில் எனக்குப் பொய் வரவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

5

முடிவு அ: "இடி தின்னுருச்சு" என்கிறார். சீதாதேவி அழுது ஓய்கிறார். இவர் தப்பிக்கிறார்.

முடிவு ஆ: "நீ வயர புடுங்குனதாலதான்" என்கிறார். இதுவும் பொய்யில்லை. (எழுதிப் பார்த்தேன். கை கூசியது. அடித்துவிட்டேன்.)

முடிவு இ: நாங்கள் வந்த பஸ் நிற்கிறது. அழகமுத்து பெட்டியோடு இறங்குகிறார். பஸ் ஹோல்ட்டில் சீதாதேவி குடையோடு நிற்கிறார்.

"ரெண்டாவதுல அக்கா கடுதாசி இருக்குதானேங்க? நல்ல வேள, நான் மத்த நாளெல்லாம் மறக்காம வயர புடுங்கி வச்சேன். இல்லாட்டி அதுவும் போயிருக்கும்!"

அழகமுத்து பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "சீதா, நான் வந்து…"

கண்டக்டர் விசிலடித்துவிட்டான். நான் இரத்தினபுரி போக வேண்டியவன். நீங்கள் இறங்குங்கள். பெட்டியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தைச் சீதாதேவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.