சுவரோரம் விரித்த விரிப்பு

எல்லாரும் சௌக்கியமா? மூட்டு வலி, முதுகு வலியெல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கிறதா? காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். இது மலையேறிய ஒரு தையல்காரம்மாவின் கதை.

அவள் வீட்டுக்காரர் பூட்டு, சாவி செய்கிறவர். வருஷா வருஷம் ஆறு கூட்டாளிகளோடு மூன்று நாள் மலை நடை போவார். இரண்டு ராத்திரியும் குகையில்தான் படுக்கை. ஒவ்வொரு தடவையும் "நீயும் வாயேன்" என்று கூப்பிடுவார். அவளும் "பள்ளிக்கூடச் சீருடை மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, அடுத்த வருஷம் பாப்போம்" என்று தட்டிக்கழிப்பாள். போன வருஷம் என்ன எரிச்சலோ, "இனிமே கூப்பிடாதீங்க. அந்த எலிப் பொந்துல போய்ப் படுக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, கடையில் சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

மனத்தாங்கலோடு போனாரா? இந்த ஒரு கேள்வி அவளை அரித்துத் தின்றது. கேட்பதென்றால் அந்த ஆறு பேரிடம்தான் கேட்க வேண்டும். அதற்காகவே இந்த வருஷம் அவர் பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் ஏற்றத்தில், கூட்டாளிகளில் ஒருத்தியான நர்ஸ் அவளை வம்புக்கு இழுத்தாள். "அண்ணி, உங்க மூச்சு தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுது. கொஞ்சம் எண்ணெய் விடுங்க."

"விடறேன். மொதல்ல உன் வாய்க்கு ரெண்டு தையல் போட்டுடறேன்."

குகைக்குள் நுழைந்ததும் தலை எண்ணுவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, அது மாறவே மாறாது. பஸ் டிரைவர் ஒன்று. நர்ஸ் ஆறு. சாவிக்காரர் ஏழு. நர்ஸ் "ஆறு" என்றதும் தையல்காரம்மா "ஏழு" என்றாள்.

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணி, நீங்க ஏழு இல்ல. எட்டு."

"இருக்கிறதே ஏழு பேருதானே, தம்பி?"

"நாளைக்குப் பெரிய குகைக்கு வந்தா உங்களுக்கே தெரியும்."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. அவர் இடத்தில் தன்னை நிறுத்த இவர்களுக்கு மனசில்லை என்று நினைத்தாள். அவர் இவர்களிடம் என்னவெல்லாம் சொல்லிக் குமுறினாரோ!

மறுநாள் சாயங்காலம் பெரிய குகை வந்தது. ஆளுக்கொரு மூலையில் பையை இறக்கினார்கள். உள்சுவரோரம் இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு இடம் மீந்திருந்தது. அவள் பையிலிருந்து விரிப்பை எடுத்து, அதில் வெளிப்பக்கமாக விரிக்கப் போனாள். அந்த விரிப்பு பதினோரு வருஷத்துக்கு முன்பு அவள் தைத்தது. "நல்லா அகலமா தை" என்று அவர் கேட்டிருந்தார். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை துணி, சுமக்கிற பாரம் குறையட்டும் என்று அவளாகவே பாதியை வெட்டிவிட்டு, ஓரத்தை இரட்டைத் தையலாகப் போட்டிருந்தாள்.

"அண்ணி, அங்க விரிக்காதீங்க, அது அண்ணன் எடம்" என்றார் டிரைவர். "உள்ள தள்ளி, சுவரோரமா விரிங்க."

"அது யாரு எடம்?"

"உங்க எடம்தான். காத்து வராத எடம். அண்ணன் வந்ததும் வராததுமா கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு, இதை அங்க விரிச்சு வெச்சுடுவாரு. அவரு பக்கத்துல சட்டையைப் போட்டுப் படுத்துப்பாரு."

"வெறுந்தரையிலயா?"

"ஏண்ணேன்னு கேட்டா, 'துணி ரெண்டு பேருக்குப் பத்தலடா, அவ பங்கு அங்க கெடக்கட்டும்'பாரு. எண்ணும்போதும் ஏழுன்னு சொல்லிட்டு, 'எட்டு இப்ப தையல் மெஷின்ல உக்காந்திருக்கு'ம்பாரு. நாங்க சிரிப்போம்."

வருஷா வருஷம் அந்த விரிப்பு கசங்காமல் வீடு வந்து சேரும். என் துணி அப்பேர்ப்பட்டது என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம்?" என்று கேட்டாள்.

நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போன வருஷமும் விரிச்சாரு அண்ணி. எட்டு எங்கன்னு நாங்கதான் கேட்டோம். 'வரும். சீருடை வேலை முடியட்டும்'னாரு."

கோபமாக இருந்தார் என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அதற்குத்தான் வழியெல்லாம் சமாதானம் யோசித்துக்கொண்டு வந்தாள். இரட்டைத் தையல் போட்ட ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு சுவரோரம் விரித்து, வெளிப்பக்கம் ஓர் ஆள் இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் கிளம்பும்போது மறுபடி எண்ணினார்கள். நர்ஸ் "ஆறு" என்றாள். அவர் "ஏழு" என்று சொல்லி முடிக்கிற அளவு நேரம் எல்லாரும் காத்து நின்றார்கள்.

"எட்டு" என்றாள் அவள்.

குகை அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னது. டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவள் குனிந்து விரிப்பை மடித்தாள். இந்தத் தடவை அது நன்றாகக் கசங்கியிருந்தது.

உங்களுக்காக யாராவது இப்படி இடம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தது உண்டா? நீங்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு வரியானாலும் எழுதிப் போடுங்கள், நான் படிக்கிறேன்.