முதல் தரப் புழுக்கை

மழை பிடித்து இரண்டு மாதம் ஆகியும் என் மான்களின் வயிற்றில் புழு ஏறவில்லை. முதல் இரண்டு வாரம் ஏறுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு இறங்கிவிட்டது.

இதற்கெல்லாம் ஒருத்தி அழுவாளா என்று கேட்டால், அழுவாள். ஏழரை மாத வயிற்றோடு மைக்ரோஸ்கோப்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து நான் அழுதேன்.

அடைத்து வளர்க்கிற மான்களின் குடலில் எந்தப் பருவத்தில் எவ்வளவு புழு இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பூங்காவில் பதினான்கு மான்கள். சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றும் போடுகிற புழுக்கையைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போட்டு, ஆய்வகத்தில் கரைத்து, கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று எண்ண வேண்டும். ஓராண்டுக்கு எண்ண வேண்டும். கோடையில் தரை காய்வதால் குஞ்சுப் புழுக்கள் செத்துப்போகும், எண்ணிக்கை படுத்துக்கிடக்கும். மழை வந்தால் குஞ்சுகள் ஈரப்புல்லில் ஏறி, மானின் வாய்க்குள் போய், சில வாரங்களில் எண்ணிக்கை எகிறும். உலகத்தில் எந்த மானைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். என் மான்கள் மட்டும் மழையில் நனைந்து நனைந்து ஆரோக்கியமாகிக்கொண்டிருந்தன.

பேராசிரியை என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவேளை தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று நினைத்திருப்பார்.

"அடுத்த மாசம் ஏழாம் தேதி குழு உட்காருது. இதைக் காட்டினா வாயால சிரிக்க மாட்டாங்க. எங்கேயோ தப்பு நடந்திருக்கு, கண்டுபிடி. இல்லேன்னா இந்த மழைக்காலத்தை அப்படியே எடுத்துடணும். அடுத்த மழைக்கு மறுபடி எடுக்கணும்."

அடுத்த மழைக்கு என் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். அதை ஒரு கையிலும் மான் சாணத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு எதை எந்த டப்பாவில் போடுவேன் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

உப்புக் கரைசலை மாற்றினேன். தராசை மாற்றினேன். ஆய்வக உதவியாளரை எண்ணச் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததைவிட நான்கு முட்டை குறைவாகச் சொன்னார். பூங்காவுக்கு போன் போட்டு, தெரியாமல் யாராவது புழு மருந்து கொடுத்துவிட்டார்களா என்று மான் காவலரிடம் கேட்டேன்.

"மருந்தா? என் இருமலுக்கே மூணு மாசமா கேட்டுட்டு இருக்கேன்மா, வரல. மானுக்கு எங்கேர்ந்து வரும்?"

நான் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான் பாக்கி. அவர் என் கணவர்.

மழை தொடங்கிய இரண்டாவது வாரம் ஒற்றைக் கொம்பன் என்று நாங்கள் கூப்பிடுகிற கிழட்டு மான் என்னைப் பார்த்து முட்ட வருகிற மாதிரி தலையைத் தாழ்த்தியது. அதை வீட்டில் வேடிக்கையாகச் சொல்லப்போக, அது என் பிரசவ டாக்டர் காதுவரை போய், கொட்டடிக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது கணவர்தான் சொன்னார்.

"இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கற? நான் போறேன். பொறுக்கறதுதானே? என் பொழப்பே அதுதான்."

உண்மைதான். காபிக்கொட்டைக் கிடங்கில் தரம் பார்க்கிறவர் அவர். மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, உடைந்தது, கறுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் இடுக்கியால் ஒதுக்குகிற வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது தட்டில் இருந்த பிஸ்கட்டுகளில் உடைந்ததை ஓரம்கட்டிவிட்டு முழுசாக இருந்ததை மட்டும் எடுத்தார். அப்படிப்பட்டவர் என்னை எடுத்திருக்கிறார் என்பதில் எனக்கு இன்றுவரை லேசான கர்வம் உண்டு.

ஐந்து சனிக்கிழமைகள் ரெயின்கோட்டும் குடையுமாகப் போய்வந்தார். டப்பாக்களில் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். புழு குறைகிறது என்று நான் புலம்பினால், "மான் தேறி வருதுன்னு சந்தோஷப்படேன்" என்பார்.

இந்த நிலையில்தான் மாமியார் ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே? தொட்டிக்குக் கீழே வெச்சிருக்கியே, மான் தண்ணி. அதைக் குடிச்சா போதை வருமா?"

"ஸ்பிரிட்டா? உசிரே போயிடும் அத்தை."

"அப்ப என் பையன் எப்படி இன்னும் நடமாடிட்டு இருக்கான்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமியார் கேனை இழுத்துக் காட்டினார். பக்கவாட்டில் பென்சில் கோடுகள், ஏணிப்படி மாதிரி.

"நீ போயிட்டிருந்தப்ப வாரத்துக்கு ஒரு விரக்கடை குறையும். இவன் போக ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு விரக்கடை. சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது கண்ணைப் பாத்தியா? செக்கச் செவேல்னு. போதாக்குறைக்குப் பாட்டு வேற முணுமுணுக்கறான்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். டப்பாக்கள் பதினான்கு, டப்பாவுக்கு இவ்வளவு. மாமியாரின் பென்சில் சரிதான். பாதி ஸ்பிரிட் எங்கேயோ போயிருக்கிறது. ஆராய்ச்சிக்காரியின் புத்தி உடனே மற்றதையும் முடிச்சுப் போட்டது. குடித்துவிட்டுப் போகிறவர் மானையா பார்த்து எடுப்பார்? தீவனத் தொட்டிப் பக்கம் கிடக்கும், முட்டையெல்லாம் பொரிந்துபோன பழைய புழுக்கையை அள்ளி அடைத்திருப்பார். புழுவும் போச்சு, புருஷனும் போச்சு.

அந்தச் சனிக்கிழமை மதியம் நாங்கள் இருவரும் கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். அவர் சொட்டச் சொட்ட வந்தார்.

"ஊதுங்க," என்றேன்.

"எதை?"

"வாயை."

ஊதினார். மாமியார் மூக்கை நீட்டினார். "பெப்பர்மின்ட். மறைக்கத்தான் போடறான்."

"மூணு மணி நேரம் மான் பின்னாடியே நின்னு பாருங்க, பெப்பர்மின்ட் இல்லாம நிக்க முடியுதான்னு. என்னம்மா இது, ரெண்டு பேரும் போலீஸ் மாதிரி?"

"ஸ்பிரிட் எப்படிங்க ரெண்டு மடங்கு செலவாகுது?"

"ரெண்டு டப்பாவுக்கும் ஊத்தினா ரெண்டு மடங்கு ஆகாதா?"

"எந்த ரெண்டு டப்பா?"

"முதல் தரம் ஒண்ணு. கழிவு ஒண்ணு."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"விவரமா சொல்லுங்க," என்றேன்.

அவர் உற்சாகமாகிவிட்டார். "கோடையில நீ எடுத்துட்டு வந்தியே, எப்படி இருந்துச்சு? உருண்டு திரண்டு, பளபளன்னு. மழை வந்ததும் சரக்கு கெட்டுப்போச்சு. பாதி கொழகொழன்னு இருக்கு. அந்த ஒத்தக் கொம்பன் போடறது மொத்தமும் களிதான். அதையா உன் கையில குடுப்பேன்? ஒவ்வொரு மானுக்கும் தட்டுல பரப்பி, நல்ல உருண்டையா இருக்கறதை மட்டும் கண்ணு சிவக்கப் பாத்துப் பாத்துப் பொறுக்கி உனக்கு வெச்சேன். ஒத்தக் கொம்பன்கிட்ட மூணு உருண்டை தேத்தறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோகும். அது ஒழுங்கா ஒண்ணு போடற வரைக்கும் குடை புடிச்சிட்டு நிப்பேன். அதுக்கும் சேர்த்துத்தான் புடிப்பேன்."

வயிறு நிறையப் புழு இருக்கிற மானுக்குத்தான் சாணம் இளகும். புழு முட்டை முழுக்க அந்தக் களியில்தான் இருக்கும். என் கணவர் ஆறு வாரமாக, ஒரு சனிக்கிழமைகூட விடாமல், என் ஆராய்ச்சியைப் பொறுக்கி எறிந்துவிட்டு எனக்கு உருண்டைகளைக் கொடுத்திருக்கிறார்.

"அந்தக் கழிவு," என்றேன். "அதை எங்க கொட்டினீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. குடிக்கிறார் என்று சொன்னபோதுகூட அப்படி வாடவில்லை.

"கொட்டறதா? கழிவைக் கொட்டிட்டா, வாங்கினவன் புகார் சொல்லும்போது எதை எடுத்துக் காட்டறது? தேதி போட்டு, எடை போட்டு, மூணு மாசம் வெச்சிருக்கணும். அப்புறம்தான் கொட்டலாம். கிடங்குல சாம்பிள் அறையில இருக்கு."

நான் எழுந்த வேகத்தைப் பார்த்து மாமியார் பிரசவ வலி என்று நினைத்துத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வண்டியில் ஏறிவிட்டார்.

சாம்பிள் அறை குளுகுளுவென்று இருந்தது. மேல் தட்டுகளில் நாடு நாடாகக் காபிக்கொட்டை. கீழ்த்தட்டில், வரிசை பிசகாமல், எழுபது டப்பாக்கள். இன்றைய பதினான்கு அவர் பையில் இருந்தன. என்னால் குனிய முடியாததால் அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அச்செழுத்தில் இருந்தது: மான் எண் 6. கழிவு. 22 கிராம். குறை: உருவின்மை, மினுமினுப்புப் போதாது. முதல் தரத்துக்கு ஒதுக்கியது: 3 கிராம்.

எல்லாவற்றிலும் இரண்டு எடையும் இருந்தன. பிரித்த விகிதத்திலேயே திரும்பக் கலந்து கணக்கிடலாம். நான் அந்த டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

ஒரு டப்பாவில் மட்டும் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. "புளிப்பு தூக்கல். ஏற்றுமதிக்கு ஆகாது."

வாசலில் கிடங்கு மேலாளர் நின்றுகொண்டிருந்தார். "புது ரகம்னு நினைச்சுத் திறந்து மோந்து பாத்தேன். எந்த நாட்டுச் சரக்கு சார் அது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"உள்நாடுதான் சார்," என்றார் அவர்.

அடுத்த ஒன்பது நாள் எண்ணினேன். ஆறாம் எண் மானின் முதல் தரத்தில் கிராமுக்கு நாற்பது முட்டை; கழிவில் எழுநூறு. நான் போட்ட கூச்சலில் ஆய்வக உதவியாளர் ஆம்புலன்சைக் கூப்பிடப் போய்விட்டார். பதினான்கு மானையும் சேர்த்துப் போட்டபோது, தலை கவிழ்ந்து கிடந்த கோடு மழையோடு மழையாக நிமிர்ந்து ஏறியது.

பேராசிரியை டப்பாக்களின் எழுத்தைப் படித்துவிட்டு, "இவரை விட்டுட்டு உன்னை எதுக்கு ஆராய்ச்சியில சேர்த்தேன்?" என்றார்.

ஏழாம் தேதி குழு முன்னால் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அழவில்லை. இரண்டு எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார்கள். அதனால் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "ஆறு வாரங்களின் மாதிரிகள் ஆய்வாளரின் கணவரால் தரம் பிரிக்கப்பட்டன."

இடையில் வந்த சனிக்கிழமைகளில் மான் காவலரே அள்ளிக் கொடுத்தார். ஆண்டு முடிய பாக்கி இருந்த ஒரே சனிக்கிழமை அவருக்கு லீவு, கணவர்தான் போக வேண்டியிருந்தது.

"பொறுக்கக் கூடாது. கலந்து அள்ளணும், அவ்வளவுதான்," என்று வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினேன்.

மதியம் திரும்பி வந்தார். பாட்டு இல்லை. பையை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கண்ணை மூடிட்டு அள்ளினேன். என் கையால இப்படி ஒரு சரக்கை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

ஒற்றைக் கொம்பனின் டப்பாவைத் திறந்தேன். களி. அதன் நடுவே அழகான உருண்டை ஒன்று, தப்பிப் பிழைத்து, பளபளவென்று கிடந்தது. அவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். விரல்கள் துடித்தன. கையைக் கட்டிக்கொண்டார்.

"பிரமாதமா இருக்குங்க," என்றேன்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஒரு விரக்கடைதான் குறைஞ்சிருக்கு!"