மணியின் நாக்கு

மார்கழி முற்றி வந்தது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்து ஓய்ந்திருந்தது. வயல்களின்மேல் வானம் தாழ்ந்து கிடக்க, கதிர் பொதிந்த குடலைப் பயிர் இலைகவிழ்ந்து ஈரம் சொட்டிற்று. கோயிற் சங்கு விடியலில் ஒலித்து அடங்கியபின், மழைக்கும் மழைக்கும் இடையே ஒரு மௌனம். உலகமே ஏதோ ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்பதுபோல.

குளிப்பாட்டிப் பந்தலின்கீழ்க் கிடத்தியிருந்த சிற்றம்பலம் வாத்தியாரின் தலைமாட்டில் அவர் மனைவி கமலாசனி இருந்தாள். அவளும் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்து ஆசிரியைதான். பள்ளிக்கூடத்துக் கைமணி அவள் மடிக்குள் இருந்தது. அதன் நாக்கை இரு விரல்களால் இறுகப் பிடித்திருந்தாள்.

"சேர்மன் வாறார், மச்சாள்," கணவனின் தம்பி வீரகத்தி குனிந்து சொன்னான். "கையிலை கடதாசிக் கட்டு. செத்தவீட்டிலையும் பிரசங்கமாம். படலையோடை திருப்பி அனுப்பட்டே? பேசவும் விடன், வாய்க்கரிசி போடவும் விடன்."

"பேசட்டும், தம்பி."

"உங்களுக்கு விசரே?"

"வடிவாப் பேசட்டும்."

போன மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு விழா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரரின் இடுகாட்டில் ஜனாதிபதி லிங்கன் ஆற்றிய உரைக்கு நூறாண்டு. அந்த இடுகாட்டில் லிங்கனுக்கு முன் பேசியவர் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் சில நிமிடமே. "சின்னப் பேச்சுத்தான் கமலா, நூறு வருசமா நிக்குது," என்று சிரித்தபடி வாத்தியார் அதைத் தமிழாக்கினார். குசினி வாசலில் நின்று, சமைத்துக்கொண்டிருந்த அவளிடமே பலமுறை சொல்லிப் பார்த்தார்.

விழாவுக்குத் தலைமை தாங்கிய கிராமச் சங்கத்துச் சேர்மன் ஏரம்பு, பொழுதுசாயும்வரை தம் பெருமையைத் தாமே பேசினார். பின்னர் வாத்தியார் எழுந்து பாதி உரையைச் சொல்லுமுன் சேர்மன் மேசையிலிருந்த கைமணியை எடுத்து அடித்தார்.

"நேரம் போச்சு, வாத்தியார். இருங்கோ."

மண்டபம் சிரித்தது. வாத்தியார் கதிரையில் அமர்ந்தார். அதன்பின் வகுப்பிலும் வீட்டிலும் அவர் குரல் எழவில்லை. நேற்று நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார்.

பந்தலுக்குள் வந்த சேர்மன் தொண்டையைச் செருமினார். "தமிழ்த்தாயின் தவப்புதல்வன்" என்று தொடங்கினார். வாத்தியாரைத் தாம் மேடையேற்றிய கதை வந்தது. தாம் வெட்டுவித்த வாய்க்கால் வந்தது. தமக்கு விழுந்த மாலைகள் வந்தன. பறையடிப்போர் தோள் மாற்றினர். தூறல் தொடங்கிற்று.

"வாத்தியாரே எழும்பி ஓடப்போறார்," என்று பந்தல் மூலையில் யாரோ முணுமுணுத்தார்.

கமலாசனி எழுந்தாள். விரல்களை எடுத்தாள். மணி ஒலித்தது.

"நேரம் போச்சு, சேர்மன் ஐயா. இருங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. கடதாசிகளை மடித்தபடி ஏரம்பு கதிரையில் இருந்தார்.

கணவன் நிறுத்தப்பட்ட இடத்திலிருந்து அவள் அந்த உரையைத் தொடங்கினாள். சேர்மனின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இங்கே நாம் பேசுவதை உலகம் நெடுநாள் நினைவில் வைத்திராது. இவர்கள் இங்கே செய்ததையோ ஒருநாளும் மறவாது."

மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். சிறிது நேரந்தான்.

வாய்க்கரிசிக்கு எல்லாரும் எழுந்தனர். சேர்மன் நெருங்கியபோது வீரகத்தி அரிசிப் பெட்டியை மறைத்தான். கமலாசனி அதை வாங்கிச் சேர்மனிடம் நீட்டினாள்.

"போடுங்கோ. நீங்கள் மூடின வாய்தானே."

அவர் இட்ட அரிசி உதட்டில் நில்லாமல் கன்னத்தில் சிதறிற்று. அவள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கணவன் வாயில் இட்டாள். மூன்று விரலால் அவர் நெற்றியில் திருநீறு பூசி, ஐந்தெழுத்தை உதட்டுக்குள் ஓதினாள்.

விரலில் எஞ்சிய நீற்றோடு திரும்பினாள். சேர்மனின் தலை தானாகத் தாழ்ந்தது. அவர் நெற்றியிலும் பூசினாள்.

"நெடுங்காலம் இருங்கோ, ஐயா," என்றாள். "ஒண்டும் மறவாமல் இருங்கோ."