எலுமிச்சம்பழமும் இரண்டு கட்டைகளும்

ராமலட்சுமிக்கு அந்தக் கேரவனை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிடப் பயம் என்று சொல்வதுதான் சரி. லிஃப்ட், பல்லி, இடி, பெயர் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்று அவளுடைய பயங்களுக்குப் பஞ்சமே கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு இருளே தேவையில்லை, பட்டப்பகலிலேயே பேய் தெரியும்.

அவள் கணவன் உலகப்பன் இன்சூரன்ஸ் விற்பவன். ஊராருக்கெல்லாம் பயத்தை எடுத்துச் சொல்லியே பிழைக்கிறவனுக்குத் தனக்கென்று பயம் மிஞ்சாது போலும். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கைகழுவிவிட்ட, படுக்கையெல்லாம் உள்ள பழைய கேரவனை வாங்கி, பள்ளி விடுமுறைக்குத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு, மனைவியோடும் ஐந்து வயது தர்ஷனாவோடும் தெப்ராவிலிருந்து கிளம்பிவிட்டான். ஜோகூரின் பழைய சின்ன ஊர்களாகப் பார்த்து இழுத்துக்கொண்டே போவதுதான் திட்டம். முதல் ஊர் பெக்கோக்.

"கேரவன் ஹேண்ட்பிரேக் கொஞ்சம் லூஸ் லா," என்று வழியில் சொன்னான். "ஒர்க்ஷாப் ஃபோமன் அடுத்த வாரம்தான் பார்க்கிறேன்னு சொல்லிட்டான். நிறுத்துறப்ப சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டா ஒண்ணும் ஆகாது."

"ம்" என்றாள் ராமலட்சுமி. காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவள் மனம் முழுக்க வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டிக்குப் பூஜையே போடலங்க. ஒரு எலுமிச்சம்பழம்கூட நசுக்கல. அப்படியே கிளம்பிட்டோம்."

"மூணாம் கை வண்டி. முன்னாடி இருந்தவங்க நசுக்கியிருப்பாங்க."

"அவங்க நசுக்கினது அவங்களுக்கு."

பெக்கோக் அழகான ஊர்தான். எதிரெதிரே இரண்டு வரிசைப் பழைய கடைவீடுகள், நெற்றியில் கட்டிய வருடத்தைப் பொறித்துக்கொண்டு, சாயம் போன மரச் சன்னல்களோடு நிற்கின்றன. வேறொரு நாளாயிருந்தால் ராமலட்சுமியும் இறங்கிப் படம் எடுத்திருப்பாள். ஆனால் அந்தத் தெரு கேரவனுக்காகப் போட்ட தெரு இல்லை. காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் நாற்காலியோடு உள்ளே நகர்ந்துகொண்டார். எதிரே ஒரு காய்கறி லாரி வந்தது. உலகப்பன் பின்னுக்கு எடுக்க, கேரவன் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போய் ஒரு கடையின் வெயில் படுதாவை உரசியது. கம்பி படீரென்று மடங்கியது. ராமலட்சுமி குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அலமாக்! ஒரு கம்பிதான், விடு," என்று இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான் உலகப்பன்.

"இது சகுனம்ங்க. பூஜை போடாம நான் ஒரு அடிகூட வரமாட்டேன்."

அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு அவன் வாதாடவில்லை. ஊரைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குப் பிரியும் மண்சாலையில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருப்பதாகக் காப்பிக்கடையில் சொன்னார்கள். சரிவான பாதை. ஏறி முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம், தகரக் கொட்டகை, கையில் அரிவாளோடு முனி. அதற்கு மேல் வழி கிடையாது. கீழே சரிவு முடிகிற இடத்தில் பாதை சட்டென்று வளைகிறது. வளைவுக்கு அப்பால் தடுப்பே இல்லாமல் ஆறு.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அங்கம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். "எலுமிச்சம்பழம் எங்கிட்ட இருக்கு. தேங்காதான் இல்ல. பாசார்ல போய் வாங்கிட்டு வாங்க," என்றார்.

மறுபடியும் அந்தத் தெருவுக்குள் கேரவனோடு போகவே கூடாது என்றாள் ராமலட்சுமி. அதனால் உலகப்பன் கேரவனைக் கழற்றி, முனியைப் பார்த்தாற்போல நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு சக்கரங்களுக்கும் பின்னால் கட்டைகளைக் கொடுத்துவிட்டு, பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். தர்ஷனா கேரவனுக்குள் போய்ப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். மரத்தில் குரங்குகள் இருந்தன. குரங்கு கதவைத் திறந்துவிடும் என்று ராமலட்சுமிக்குப் பயம். கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள்.

உலகப்பன் தேங்காயோடு வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று கேரவனுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அங்கம்மா பழங்களைக் கொடுத்தார்.

"முன்னாடி வைக்கிறதா, பின்னாடியாம்மா?"

"வண்டி எந்தப் பக்கம் முதல்ல நகருமோ அந்தப் பக்கம்."

மேலே வழியில்லை. வண்டி முதலில் பின்பக்கம்தான் நகரும். பழம் இருக்கவேண்டிய இடத்தில் கட்டை இருந்தது. ராமலட்சுமி ஒரு கல்லால் தட்டி முதல் கட்டையை எடுத்தாள், பிறகு இரண்டாவதையும் எடுத்தாள். பூஜைக்கு வந்த வண்டியின் சாமான் ஆயிற்றே என்று அவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்து, கொட்டகை ஓரமாக மரியாதையாக அடுக்கினாள். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழங்களை வைத்துவிட்டு நிமிர்ந்து கைகூப்பினாள்.

பச்சென்று ஒரு பழம் நசுங்கியது.

"முனி ஏத்துக்கிட்டான்!" என்று அங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராமலட்சுமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தானே நசுங்குகிறது என்றால் எவ்வளவு பெரிய அருள் என்று நினைத்து, அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது பழமும் நசுங்கியது. அப்புறம் கேரவன் நிற்கவில்லை.

வழியில் பிரேக்கைப் பற்றியும் கட்டையைப் பற்றியும் உலகப்பன் சொன்ன வார்த்தை அப்போதுதான் மனதில் ஏறியது.

ஓடினாள். ஓடிக்கொண்டே கேரவனின் முன் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது அவளையும் சேர்த்து இழுத்தது. கைப்பையைக் கவிழ்த்துச் சாவியை எடுத்தாள். நகர்கிற கதவில் சாவி நுழையவில்லை, கீறிக்கொண்டு வழுக்கியது. உள்ளே தர்ஷனா விழித்துக்கொண்டாள். சன்னலில் அந்த முகம் தெரிந்தது, வாய் அகலத் திறந்து, கண்ணாடிக்குப் பின்னால் சத்தமே இல்லாமல். பிஞ்சுக் கைகள் கண்ணாடியில் அறைந்தன. ராமலட்சுமி இதுவரை பட்ட பயமெல்லாம் விளையாட்டு என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. இதுதான் பயம். வண்டி வேகம் பிடித்தது, சாவி கையிலிருந்து எகிறி விழுந்தது, அவளும் விழுந்தாள்.

விழுந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தபோது கீழே வளைவில் பிக்கப் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது.

உலகப்பன் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்க இடமிருந்தது. அவன் வண்டியைப் பாதையின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேரவன் போய் மோதிய சத்தத்தில் மரத்துக் குரங்குகள் எல்லாம் சிதறின. பிக்கப்பைக் கொஞ்ச தூரம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய், வளைவுக்கு முன்னால் எல்லாம் நின்றது.

அவன் பிக்கப்பின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை வெளியே எடுத்தான். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். ராமலட்சுமி முட்டியெல்லாம் ரத்தமாக வந்து சேர்ந்தாள். உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு.

உலகப்பனின் உதடு வெளுத்திருந்தது. அவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

"பிரேக்கைச் செஞ்சுட்டுத்தான் எடுத்திருக்கணும். கட்டையையும் சரியாக் கொடுக்கல போல. நான்தான்... என் பிள்ளையை நானே..."

"உங்க தப்பு இல்ல தம்பி," என்றார் மூச்சிரைக்க வந்த அங்கம்மா. "முனியோட சோதனை. அவன்தான் தள்ளினான், அவனே தாங்கிட்டான்." சொல்லிவிட்டு ராமலட்சுமியை ஒரு பார்வை பார்த்தார். பேசாமல் இரு பெண்ணே, தப்பித்துக்கொள் என்கிற பார்வை.

தப்பித்துக்கொள்ளலாம்தான். முனி வந்து மறுக்கப்போவதில்லை. குழந்தை ஓடுகிற வண்டிக்குள் இருந்தபோது வந்த பயத்துக்கு அடுத்த பயம் இதுதான். அவன் இன்னொரு முறை தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினான். அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"நீங்க சரியாத்தான் கொடுத்தீங்க. கட்டையை எடுத்தது நான். பழம் வைக்கிறதுக்காக எடுத்தேன்."

உலகப்பன் அவளையே பார்த்தான். தோளில் விசும்பிக்கொண்டிருந்த தர்ஷனாதான் பேசினாள்.

"கதவு திறக்கல அம்மா. நான் எவ்வளவு தட்டினேன். யாரும்மா பூட்டினா?"

"அதுவும் அம்மாதான்," என்றாள் ராமலட்சுமி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உலகப்பன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, மேலே ஏறிப்போனான். கொட்டகை ஓரத்தில் மஞ்சளும் குங்குமமுமாக அடுக்கியிருந்த கட்டைகளைக் கண்டதும் அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று கீழேயிருந்து தெரியவில்லை. இரண்டையும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

"இனிமே எங்க நிறுத்தினாலும் நீதான் வைக்கணும்," என்றான் கரகரத்த குரலில். "எடுக்கிறதும் நீதான்."

இழுவை லாரி வந்து பிக்கப்பையும் கேரவனையும் ஏற்றியது. அங்கம்மா மிச்சமிருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, வழியில் எதற்கும் இருக்கட்டும் என்றார். ராமலட்சுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். லாரியின் முன் சீட்டில் தர்ஷனா அவள் மேல் சாய்ந்து தூங்க, பொட்டு வைத்த கட்டைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தெப்ராவ் வரை வந்தாள்.