குளியலறையில் காய்ந்த கால்சட்டை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் சனிக்கிழமை வெயில் எறித்தால் லூர்தம்மா வீட்டு உடுப்பெல்லாம் பல்கனிக்கு வந்துவிடும். மகள் லிசாவின் வேலைக் கால்சட்டை மட்டும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் காயும். டெஸ்டர் செருகிச் செருகிப் பை கிழிந்த அந்த நீலக் கால்சட்டையைத் தமிழ்ச் சனம் கண்டால் என்னாவது? லிசா மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யத் தொடங்கி இரண்டு வருடம். மாதா கோயிலில் லூர்தம்மா சொல்லி வைத்திருந்ததோ, "யூனிவேசிற்றியிலை எஞ்சினியரிங்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவும் ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

அன்று மேல்மாடி வெரோனிக்கா கண் சிவந்து வந்து கதிரையில் இருந்தாள்.

"அக்கா, என்ர மகன் பேனாட் மூண்டாம் தரமும் சோதினை பெயில். யூனியாலை நிப்பாட்டிப் போட்டாங்கள். கரண்ட் வேலை பழகப்போறன் எண்டு நிக்கிறான். ஒரு கொம்பனியிலை இடமும் குடுத்திருக்கினம். திங்கக்கிழமைக்குள்ளை பதில் சொல்லவேணும்."

"நல்லதுதானே, போகட்டுமன்."

"இவர் விடுறாரில்லை. 'லூர்தம்மாவின்ர பெட்டை எஞ்சினியருக்குப் படிக்குது, நீ வயர் இழுக்கப் போறியோ' எண்டு ஒரே பேச்சு. பிள்ளை மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. லிசாவை அவனோடை ஒருக்காக் கதைக்கச் சொல்லுறியளோ, அக்கா?"

லூர்தம்மா குளியலறைக் கதவைப் பார்த்தாள். தான் வாய் கூசாமல் சொன்ன பொய் இன்னொருத்தி பிள்ளையின் வயிற்றைக் காயப்போட்டுவிட்டதே. ஓமென்று தலையாட்டினால் தன் மானம் தப்பும், பேனாட் தப்புவானா?

எழும்பிப் போய்க் கால்சட்டையை எடுத்து வந்து வெரோனிக்காவின் முன்னால் விரித்தாள்.

"இது லிசாவின்ர. அவள் யூனி வாசலே மிதிக்கேல்லை. கரண்ட் வேலைதான் பழகிறாள். நான்தான் வெக்கத்திலை பொய் சொன்னனான்."

வெரோனிக்கா ஏசுவாள் என்று லூர்தம்மா காத்திருந்தாள். அவளோ ஈரக் கால்சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை அவருக்குக் காட்டட்டோ?" என்றாள்.

"தாங்கோ, நானே கொண்டுவாறன்."

மேலே, வெரோனிக்காவின் புருஷன் வின்சன்ற் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கால்சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்ர பொய்யைக் காட்டித்தான் பிள்ளையைப் பேசினனீங்கள், அண்ணை. குற்றம் என்னிலைதான். அவனை விடுங்கோ."

வின்சன்ற் கால்சட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மகனின் அறைக் கதவைத் தட்டி, "பேனாட், கொம்பனிக்குப் பதிலை எழுதிப் போடு. முதல் வந்து சாப்பிடு," என்றார்.

பின்னேரம் கடைக்குப் போய் வந்த லிசா, பல்கனிக் கொடியின் நடுவில் தன் கால்சட்டை தொங்குவதைக் கண்டு திகைத்தாள்.

"அம்மா, சனம் பாக்கப் போகுது."

"பாக்கட்டும் பிள்ளை. உழைக்கிற வேலை எதிலையும் வெக்கமில்லை. அதை ஒளிச்சு வைச்சு, ஊரான் பிள்ளையையும் பட்டினி போட்டன் பார், அதுதான் வெக்கம்."